மூன்றாவது படி

டீச்சர் கதவைத் தட்டவில்லை. தள்ளினாள்.

கோச்சிங் சென்டர் ஆபீஸ் அறையில் இரண்டு பேர். சுழல் நாற்காலியில் சென்டரின் முதலாளி, அவளுடைய அக்கா புருஷன். எதிரே, அச்சுக்குப் போகும் முன் கடைசிக் கையெழுத்து வாங்க வந்திருந்த பதிப்பக எடிட்டர். மேஜை மேல் புத்தகத்தின் மாதிரி அட்டை. ‘எளிய ஆங்கில இலக்கணம்’. அதன் கீழே கொட்டை எழுத்தில் அத்தான் பெயர்!

பதினோரு மாதம் ஞாயிறு கூடப் பார்க்காமல் அவள் எழுதிய புத்தகம்.

“இது நான் எழுதினது அத்தான்.”

“குடும்பத்துக்குள்ள என்னம்மா நீ, நான்? டைப் அடிச்சுக் கொடுத்தே. முன்னுரையில நன்றி போட்டிருக்கேனே!”

டைப்பாம்! அவளுக்குக் காது மடல் வரை கொதித்தது.

“மேடம், நாற்பத்தோராம் பக்கம் எடுங்க.”

எடிட்டர் கையிலிருந்த தாள்களைப் புரட்டினாள். முதல், இரண்டாவது, மூன்றாவது என்று வரிசை சொல்லும் வார்த்தைகளுக்கு முன்னால் ‘தி’ எப்போது, ‘எ’ எப்போது என்கிற பாடம்.

“தி தேர்ட் ஸ்டெப் இஸ் ப்ரோக்கன். வீ நீட் எ சிக்ஸ்த் சேர்,” என்று உதாரணங்களை வாசித்தாள். மூன்றாவது படி உடைந்திருக்கிறது; ஆறாவதாக ஒரு நாற்காலி வேண்டும்.

“‘தி’ போட்டா, எந்தப் படின்னு சொல்றவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். எந்தப் படி அத்தான்?”

“ஏதோ ஒரு படி. உதாரணத்துக்கெல்லாம் விலாசம் கொடுப்பாங்களா?”

“நான் கொடுப்பேன். அத்தனையும் என் வீட்டுல பார்த்து எழுதினது. எதிர் சந்துதான் மேடம், வந்து எண்ணிப் பாருங்க.”

“வெளி ஆள் முன்னால மானத்தை வாங்காதே!”

“வாங்கறதுக்கு மிச்சம் வெச்சிருக்கீங்களா?”

எடிட்டர் தாள்களையும் மாதிரி அட்டையையும் எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அத்தானும் வேறு வழியில்லாமல் பின்னாலேயே ஓடினார். தங்கை வீட்டுக்கு வந்த மனைவியைக் கூட, வாசலில் பைக்கை நிறுத்தி ஹாரன் அடித்தே கூப்பிடுகிறவர் அவர். ஒரு நாளும் மாடி ஏறியதில்லை.

மரப்படிகள். பகலிலும் மங்கல். டீச்சர் விறுவிறுவென்று ஏறினாள். படியைப் பற்றி வேண்டுமென்றே வாய் திறக்கவில்லை. எடிட்டர் ஒன்று, இரண்டு என்று முணுமுணுத்து, மூன்றாவதைத் தாண்டிக் கால் வைத்தாள். மேலே, திறந்த கதவு வழியே மேஜை தெரிந்தது. சுற்றிலும் ஐந்தே நாற்காலிகள்.

“எல்லாம் நாடகம் மேடம்! ஒவ்வொரு வரியும் என் கைப்பட நானே...”

மடார்!

மூன்றாவது படியின் பலகை புரண்டு, அத்தானின் கால் முழங்கால் வரை உள்ளே போயிருந்தது.

“ஐயோ! உடைஞ்சிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“நாற்பத்தோராம் பக்கத்துல இருக்கே அத்தான். நீங்க எழுதினதுதானே?”

எடிட்டர் மாதிரி அட்டையைச் சுவரில் வைத்து அழுத்தினாள். சிவப்புப் பேனா அத்தான் பெயரின் குறுக்கே கோடு கிழித்தது.

“உங்க முழுப் பெயர் டீச்சர்?”

“முதல்ல காலை இழுத்து விடும்மா!”

“இருங்க அத்தான்.”

தன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னாள். எடிட்டர் எழுதி முடித்ததைச் சரிபார்த்தாள். அப்புறம்தான் டீச்சர் இறங்கி வந்து அத்தானுக்குக் கை கொடுத்தாள்.