பதினேழு பூச்சுக்கு அடியில்

1934 மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு இருபது நிமிடம் இருக்கையில், கல்வர் சிட்டியின் ஹாலோவே ஸ்டூடியோவில் எமரி ஹல்காம் என்ற பெயிண்டர் தான் வரைந்துகொண்டிருந்த கடலுக்குள் விழுந்தான். நூறடி நீளமும் மூன்று மாடி உயரமும் உள்ள துணி அது. கப்பல் படம் ஒன்றில் கதாநாயகிக்குப் பின்னால் தொங்க வேண்டியது. சாரத்தில் நின்று மூன்றாவது அலைக்கு நுரை வைக்கும்போது கால் வழுக்கியது. கூட இருந்த இரண்டு பேர் கயிற்றோடு ஓடி வருவதற்குள் அலை அவனை இழுத்துக்கொண்டு போய்விட்டது. வீசிய கயிறு துணியில் பட்டுக் கீழே விழுந்தது. தரையில் அரை அங்குலம் உப்புத் தண்ணீர் நின்றது. அதைக் கூட்டித் தள்ளிவிட்டுச் சாப்பிடப் போனார்கள், சாப்பாட்டுக்கு விடுவது அரை மணி நேரம்தான் என்பதால்.

விபத்துப் படிவத்தில், விழுந்த இடம் என்ற கட்டத்தில், மேஸ்திரி டெமார்கோ 'கடல்' என்று எழுதினான். ஸ்டூடியோவுக்குள் கடல் எதுவும் இல்லை என்று அலுவலகம் அதைத் திருப்பி அனுப்பியது. பிறகு, சொல்லாமல் வேலையை விட்டுப் போனவர்கள் பட்டியலில் எமரியைச் சேர்த்தது. அவன் மனைவி நெட்டி, ஆர்க்கன்சாவில் பருத்தி பொறுக்கிவிட்டுப் பிழைப்புக்கு வந்தவள், மூன்று நாள் வாசலில் நின்றாள்.

"உன் புருஷன் ஓடிப்போயிட்டாம்மா. இந்த ஊர்ல தெனம் நாலு பேரு ஓடுறான்," என்றான் வாயிற்காவலன்.

"ஓடுறவன் சாப்பாட்டு டப்பாவ வச்சிட்டா ஓடுவான்? எடுத்துப் பாருய்யா. மூடி கூடத் தொறக்கல."

ஹாலோவேயில் துணியை எறிகிற வழக்கம் கிடையாது. முதலாளி பழைய கோட்டுகளைத் திருப்பித் தைத்து விற்று மேலே வந்தவர். ஒரு படம் முடிந்ததும் அதே துணிமேல் அடுத்த படத்துக்கு வேண்டியதைப் பூசிவிடுவார்கள். ஜூன் மாதம் அந்தக் கடல் சுவிட்சர்லாந்து மலையானது. பனியில் ஒரு ஆள், முழங்கை நீளம், நடந்துகொண்டிருந்தான். கேமராக்காரர் கத்தியதால் அவன்மேல் வெள்ளை அடித்தார்கள். மறுநாள் நாலடி தள்ளி நடந்தான். இரண்டு முறை அடித்துப் பார்த்துவிட்டு, யார் கவனிக்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டார்கள். நெட்டி கவனித்தாள். சனிக்கிழமை தியேட்டரில் எழுந்து நின்று, "அது என் வீட்டுக்காரர்" என்றாள். உட்காரச் சொன்னார்கள்.

அடுத்து அந்தத் துணி பாலைவனமானபோது அவன் விரல் நீளம்தான் இருந்தான். அதற்கடுத்துப் பாரிஸ் கூரைகளின்மேல் நகம் அளவு. ஒவ்வொரு பூச்சும் அவனை ஒரு பூச்சு உள்ளே தள்ளுகிறது என்று நெட்டிக்குப் புரிந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளினால் கண்ணுக்கே அகப்படமாட்டான். துணி தைக்கும் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்து டெமார்கோவிடம் போனாள்.

"மேஸ்திரி, இந்த ஒரு துணிய மட்டும் விட்டுடுங்க. புதுசா ஒண்ணு நானே தச்சுத் தாரேன்."

"புதுத் துணின்னு வாயத் தொறந்தா மொதலாளி என்னைய வெளிய அனுப்பிடுவான் நெட்டி. வேணும்னா கழுவுவோம். நம்ம பூசுறது பசைச் சாயந்தான், தண்ணி பட்டா வந்துரும்."

"கழுவுனா அவரு வெளிய வருவாரா?"

"வருவானோ, சாயத்தோட சாக்கடைக்குப் போவானோ, யாரு கண்டா? நீ சொல்லு, கழுவுறேன்."

அவள் சொல்லவில்லை. முப்பத்தைந்து வருடம் சொல்லவில்லை. அந்த வருடங்களில் ஸ்டூடியோ வாரத்துக்கு ஒரு படம் எடுத்தது, போர்க்காலத்தில் இன்னும் கூட எடுத்தது. பிறகு கோர்ட் உத்தரவில் ஸ்டூடியோவுக்குச் சொந்தமான தியேட்டர்கள் கைவிட்டுப் போயின. ஜனங்கள் வீட்டிலேயே டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். படப்பிடிப்புத் தளங்கள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. முதலாளி செத்தார். மகன்கள் எல்லாவற்றையும் கார் நிறுத்துமிடம் நடத்துகிற கம்பெனிக்கு விற்றார்கள். எமரி பார்லி அரிசி அளவானான், பிறகு புள்ளியானான். 1970-இல் கம்பெனி உடைகளையும் நாற்காலிகளையும் ஏலம் விட்டது. திரைத் துணிகளை யாரும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை எரித்துவிடுவதாகச் சொன்னார்கள்.

புதன்கிழமை காலை நெட்டி, ஓய்வுபெற்றிருந்த டெமார்கோவை வீட்டிலிருந்து கூட்டிவந்தாள். கப்பல் படங்களுக்கு வெட்டிய தொட்டி காய்ந்து கிடந்தது. துணியை அதில் விரித்தார்கள். ஸ்டூடியோவை இடிக்க வந்த ஆட்களும் கை கொடுத்தார்கள். "கழுவுங்க," என்றாள். அரண்மனை போனது, தீவு போனது, பாரிஸ் போனது, பாலைவனம் சேறாக ஓடியது. பதினேழாவதாக மலை கரைந்ததும் கடல் வந்தது. எமரி இருமிக்கொண்டே ஏறி வெளியே வந்தான். அறுபத்தெட்டு வயது, அதே வேலையுடுப்பு.

நெட்டி ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். பிடித்த இடத்தில் ஈரச் சாயம் அவள் உள்ளங்கையோடு வந்தது. நிமிர்ந்து பார்த்தாள். முகம் இல்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நீலத் தீற்றல், கன்னத்துக்கு ஒரு காவி அப்பல், வாய்க்கு ஒரே ஒரு இழுப்பு. அவள் போட்ட சத்தத்தில் இடிக்கிற ஆட்கள் பின்வாங்கினார்கள்.

"பின்னால வா நெட்டி," என்றான் டெமார்கோ. "இன்னும். இன்னும் கொஞ்சம் வா. நம்ம வேலையெல்லாம் நாப்பதடி தள்ளி நின்னு பாக்குறதுதாம்மா. கிட்டப் போனா இப்படித்தான் இருக்கும்."

பின்னுக்கு நடந்தாள். நாற்பதாவது அடியில் எமரி முழுதாகத் தெரிந்தான், நெற்றிச் சுருக்கம் உட்பட. அவனும் அவளை அடையாளம் கண்டுகொண்டான். ஸ்டூடியோ ஆள் பட்டியலில் பெயர் இல்லாதவர் உள்ளே நிற்கக்கூடாது என்று கம்பெனிக் காவலன் இருவரையும் வெளியேற்றினான். நாற்பதடி இடைவெளி விட்டு, ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாக நடந்தே வீடு போனார்கள்.

பிறகு இங்கிள்வுட்டில், பின்புறம் நீளமான தோட்டம் உள்ள ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். தோட்டத்தின் இரண்டு கோடியிலும் ஒவ்வொரு நாற்காலி. அவள் சாப்பாட்டை நடுவில் வைத்துவிட்டுத் திரும்பி நடப்பாள். அவள் உட்கார்ந்த பிறகு அவன் வந்து எடுத்துக்கொண்டு போவான்.

"கெழவி ஆயிட்டடி!" என்று அங்கிருந்து கத்துவான்.

"நீ மட்டும் என்ன எளவட்டமா? கிட்ட வந்தா மூஞ்சியே இல்ல ஒனக்கு!"

பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒருமுறை புகார் கொடுத்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். மழை வந்தால் அவனை உள்ளே அனுப்பிக் கதவைத் திறந்தே வைத்துவிட்டு, நெட்டி குடையோடு தோட்டத்தில் நிற்பாள். அந்த வீட்டின் நீளம் முப்பது அடிதான்.