இன்னும் ரெண்டு போல்ட்டு

ராணுவம் ஏலம் விட்ட பழைய ஜீப்பை ஆவடிக்குக் கொண்டுவந்து, நைனாவும் நானும் மூன்று வருடம் பழுது பார்த்தோம். சாவியைத் திருப்புமுன் "அடியில யார்னா கீறீங்களா?" என்று கேட்டே ஆகவேண்டும். அது அவருடைய ஃபேக்டரிப் பழக்கம். மறந்தால், மகளென்றும் பார்க்காமல் கையில் அடிப்பார்.

எண்பத்தொன்பதாம் வருடம் மாரடைப்பில் போய்விட்டார். கியர்பாக்ஸில் இரண்டு போல்ட்டுதான் பாக்கி. அழுதுகொண்டு கிடக்க எனக்குப் பிடிக்காது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஜீப்புக்கு அடியில் படுத்து, நானே அவற்றை முடுக்கினேன். பிறகு ஏறி உட்கார்ந்து, வழக்கம்போல் கேட்டேன்.

"அடியில யார்னா கீறீங்களா?"

"இரு பத்மா, இன்னும் ரெண்டு போல்ட்டு கீது" என்றது நைனாவின் குரல்.

இறங்கிக் குனிந்து பார்த்தேன். யாருமில்லை.

சாவியை உருவினேன். முடுக்கிய இரண்டு போல்ட்டையும் கழற்றி, ஸ்பேனரோடு அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.