ரேடியோ பேசட்டும்

“பேசினா தொண்டை வறளும், வறண்டா தண்ணி கேப்பான், தண்ணி தீர்ந்தா...”

“தீர்ந்தா வண்டியில இருக்கு சார், ரெண்டு பீப்பாய்...”

“என்னை முடிக்க விடுங்க சிஸ்டர்.”

“காலையிலேர்ந்து நீங்கதான் முடிச்சுக்கிட்டே இருக்கீங்க. நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.”

சார்ஜென்ட் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ‘வாயைப் பூட்டு’ என்பதுதான் அவர் காலையில் சொல்லும் முதல் வார்த்தை, மாலையில் சொல்லும் கடைசி வார்த்தை. அதனால் பயிற்சிக்கு வந்திருந்த இருபத்திரண்டு பேரும் முதுகுக்குப் பின்னால் அவரைப் பூட்டு என்றே கூப்பிட்டார்கள். எதிரே நின்றவள் முகாமின் நர்ஸ். அவளுக்கும் ஒரு பெயர் உண்டு. ஆனால் மேஜரிலிருந்து சமையல்காரர் வரை எல்லோருக்கும் அவள் சிஸ்டர்தான்.

இருபது கிலோமீட்டர் நடை. முதுகில் இருபது கிலோ மூட்டை. ஐம்பது நிமிடம் நடந்தால் பத்து நிமிடம் ஓய்வு. இது முதல் ஓய்வு. மணி ஒன்பதுகூட ஆகவில்லை, அதற்குள் மண் சாலை காலைச் சுட்டது. இருபத்திரண்டு பேரும் ஓரமாகப் படுத்து, கால்களை மூட்டைமேல் தூக்கிவைத்து, இழவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி வாய் திறக்காமல் கிடந்தார்கள்.

“அந்த மூஞ்சிகளைப் பாருங்க,” என்றாள் சிஸ்டர். “ஒரு மணி நேரம் பேசாம நடக்க வெச்சீங்க. ஒருத்தன் மூஞ்சியிலயாவது உசிர் இருக்கா?”

“உசிர் காலில இருந்தா போதும்.”

“எனக்குப் போதாது. இருபத்திரண்டு பேரையும் ஒரே நேரத்துல பார்க்க எனக்கு என்ன முதுகுலயும் கண்ணா இருக்கு? பேசினா, சிரிச்சா, பதில் சொன்னா, ஆள் சரியா இருக்கான்னு நடந்துக்கிட்டே தெரிஞ்சுக்குவேன். வெயில் முதல்ல மண்டையில ஏறும் சார், அப்புறம்தான் காலுக்கு வரும். அந்த ரேடியோவைப் பேச விடுங்க.”

ரேடியோ வரிசையின் கடைசியில் கிடந்தான். நிறுத்தும் பொத்தான் இல்லாததால் வந்த பெயர் அது. இந்த நடை அவனுக்கு மூன்றாவது தடவை. முதல் தடவை பாதத்தில் கொப்புளம் பழுத்துப் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டான். இரண்டாம் தடவை காய்ச்சல். மூன்றுக்கு மேல் வாய்ப்பு கிடையாது. இன்றும் முடிக்காவிட்டால் சீருடையை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான். அங்கே அவன் அண்ணன் பெயின்ட் கடை வைத்திருக்கிறான். “உனக்குன்னு ஒரு ஸ்டூல் போட்டு வெச்சிருக்கேன், எப்ப வேணாலும் வந்து உட்காரு” என்று முதல் நாளே சொல்லி அனுப்பியவன் அவன். அந்த ஸ்டூலைப் பற்றி மட்டும் ரேடியோ ஜோக் அடித்ததே இல்லை.

சார்ஜென்ட் தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். “சரி. பேசட்டும். ஆனா சொன்னதையே திருப்பிச் சொல்லக் கூடாது. ஒரே ஜோக் ரெண்டாவது தடவை வந்துச்சுன்னா, அதோட பூட்டு.”

ரேடியோ படுத்தபடியே கையைத் தூக்கினான். “எங்க கடையில பழைய சரக்கே கிடையாது சார்.”

அதற்குப் பிறகு வரிசைக்கு உயிர் வந்தது. ரேடியோ பஸ் கண்டக்டர் ஆனான். “உள்ள போங்க, உள்ள போங்க, மூட்டைக்குத் தனி டிக்கெட்!” முன்னால் நடந்த உயரமானவனிடம், “நெட்டை, வளைஞ்சு வளைஞ்சு நடக்காதே. உன் நிழல்ல நாலு குடும்பம் குடியிருக்கு,” என்றான். நெட்டை, “அப்ப வாடகையைக் குடுடா,” என்றான். ஆறாவது கிலோமீட்டரில் ரேடியோ குரலைத் தாழ்த்தினான்.

“நேத்து சூரியன்கிட்டயே கேட்டுட்டேன். ஐயா, கொஞ்சம் சீக்கிரம் இறங்கிடக் கூடாதான்னு. எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லைப்பா, சார்ஜென்ட் கையெழுத்துதான் இன்னும் வரலைங்கறார்.”

சிரிப்பு முன்வரிசை வரை ஓடியது. சார்ஜென்ட் திரும்பவில்லை. ஆனால் அவர் காது மடல் அசைந்ததை சிஸ்டர் பார்த்தாள்.

ஒவ்வொரு ஓய்விலும் அவள் வரிசையில் குனிந்து குனிந்து ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தாள். “சிறுநீர் என்ன கலர்?” வெட்கப்பட்டவர்கள் முதல் ஓய்வோடு வெட்கத்தை விட்டுவிட்டார்கள். மூன்றாம் ஓய்வில் ரேடியோ சொன்னான்: “எலுமிச்சை சிஸ்டர். சுவத்துக்குப் பெயின்ட்டா அடிச்சா ரெண்டு கோட்டுல பளிச்சுனு இருக்கும்.” நான்காம் ஓய்வில், “எலுமிச்சை” என்று மட்டும் சொன்னான். அவன் தண்ணீர்ப் புட்டி பாதிக்கு மேல் நிரம்பியே இருந்தது. குடிக்கச் சொன்னாள், குடித்தான். அடுத்தவனிடம் போய்விட்டாள். பிறகு அவள் தன்னையே திட்டிக்கொண்டது அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான்.

பதினேழாவது கிலோமீட்டரில் ஒரு மேடு. வெயில் உச்சந்தலையில் நின்றது. எல்லோரும் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தபோது ரேடியோ தொடங்கினான்.

“நேத்து சூரியன்கிட்டயே கேட்டுட்டேன்...”

முடிப்பதற்குள் வரிசை வெடித்துச் சிரித்தது. பூட்டை வம்புக்கு இழுக்கிறான் என்றே நினைத்தார்கள். சார்ஜென்ட்டும் அப்படித்தான் நினைத்தார். திரும்பி நின்றார், நாள் முழுக்க அடக்கிவைத்த சிரிப்பு அவர் முகத்தில் இருந்தது.

“மாட்டினியாடா! ரெண்டாவது தடவை!”

“எது சார்?”

“சூரியன் ஜோக்.”

“அதை இன்னைக்கு இன்னும் சொல்லவே இல்லையே சார். இப்பத்தான்...” ரேடியோ தொண்டையைச் செருமினான். “நேத்து சூரியன்கிட்டயே கேட்டுட்டேன். ஐயா, கொஞ்சம் சீக்கிரம்...”

இம்முறை யாரும் சிரிக்கவில்லை. சிஸ்டர் ஓடினாள்.

“நில்லு. என்னைப் பாரு. இப்ப மணி எவ்வளவு இருக்கும்?”

“எலுமிச்சை, சிஸ்டர்.”

“மூட்டையை இறக்கு.”

“மாட்டேன்.” அவன் இரண்டு வார்களையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். “நல்லாத்தான் இருக்கேன். ஸ்டூல் வேண்டாம். நான் நடக்கறேன்.” மேட்டில் ஏறுவதற்குப் பதிலாகப் பக்கவாட்டில், முள்புதரைப் பார்த்து நடந்தான்.

சார்ஜென்ட் ஒரே எட்டில் வந்து அவன் தோளைப் பிடித்தார். “சிஸ்டர், மூணே கிலோமீட்டர். மூட்டையை நான் தூக்கிக்கறேன். கைத்தாங்கலா கூட்டிட்டுப் போயிடலாம். இது அவனுக்கு மூணாவது தடவை, தெரியுமில்ல?”

“தெரியும் சார். நடக்க வைக்கற அதிகாரம் எல்லாம் உங்களுக்கு. நிறுத்தற அதிகாரம் ஒண்ணுதான் எனக்கு. நிறுத்தியாச்சு.”

அவர் அவளைப் பார்த்தார். பிறகு கத்தியை எடுத்து மூட்டையின் வார்களை வெட்டினார். நெட்டையும் இன்னொருவனும் ரேடியோவைப் பின்னால் வந்த வண்டியின் அடி நிழலில் கிடத்தினார்கள். சார்ஜென்ட்டே மண்டியிட்டுப் பூட்ஸைக் கழற்றினார். உடல் சூடு நாற்பத்தொரு டிகிரியைத் தொட்டிருந்தது. ஐஸ் பெட்டியிலிருந்து நனைந்த விரிப்புகளை எடுத்து அவள் கழுத்து, அக்குள், தொடை என்று சுற்றிக்கொண்டே போனாள். வண்டி ஓட்டுநர் அட்டையால் விசிறினார்.

“இங்க நிக்காதீங்க சார். வெயில்ல நிக்க வெச்சா அடுத்தவன் விழுவான். கூட்டிட்டுப் போங்க.”

இருபத்தொரு பேரும் மேட்டில் பேயறைந்த மாதிரி நின்றார்கள். “நட” என்றார் சார்ஜென்ட். நடந்தார்கள், ஆனால் கால் தேய்த்து. பத்தடி போனதும் அவர் இருமினார். இன்னொரு தடவை இருமினார்.

“எங்க வீட்டுல... எனக்கு மாமியார்னு ஒருத்தங்க இருக்காங்க.”

பிறகு நெட்டையின் குரல் மெதுவாக வந்தது. “ஒருத்தங்கதானே சார் இருப்பாங்க?”

யாரோ ஒருவன் ‘புர்’ரென்று சிரித்தான். “வாயைப் பூ...” என்று தொடங்கிய சார்ஜென்ட் பாதியில் நிறுத்தி, “கேளுங்கடா முதல்ல,” என்றார். வரிசை மேடேறி அந்தப் பக்கம் இறங்கியது.

சிஸ்டர் விரிப்புகளை மாற்றினாள். நனைத்தாள், மறுபடி மாற்றினாள். சூடு முப்பத்தொன்பதுக்கு இறங்கியபோது ரேடியோ கண்ணைத் திறந்து வண்டியின் அடிப்பாகத்தை வெகுநேரம் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். மணி கேட்டாள், சரியாகச் சொன்னான். தூரத்தில், கண்ணுக்குத் தெரியாத வளைவிலிருந்து, கூட்டமாக ஒரு சிரிப்பு வந்தது.

“யாரு பேசறது?”

“பூட்டு.”

“ஜோக்கா?”

“மாமியார் ஜோக்.”

“ஐயையோ. கெடுத்துடுவாரே,” என்று எழுந்திருக்கப் பார்த்தான். அவள் ஒரு விரலால் நெற்றியில் அழுத்தினாள். அதுவே போதுமாக இருந்தது. திரும்பப் படுத்தான். சக்கரத்தின் பக்கத்தில் அவனுடைய பூட்ஸ் இரண்டும் காலியாக, நாக்கு தொங்க நின்றன. அவள் மடியில் படிவம் இருந்தது. நேரமும், பதினேழாவது கிலோமீட்டரும், உடல் சூடும் எழுதியாகிவிட்டது. கடைசிக் கட்டம் ‘நடையை முடித்தாரா’ என்று கேட்டது. அவள் கையால் அதை மறைத்துக்கொண்டு ‘இல்லை’ என்று எழுதினாள்.

மறைத்ததை அவன் பார்த்துவிட்டான். வளைவுக்கு அப்பால் சிரிப்பு இன்னும் சின்னதாகிக்கொண்டே போயிற்று. அது தேயும் வரை அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

“நான் பேசாம நடந்திருந்தா, முடிச்சிருப்பேன் இல்ல சிஸ்டர்?”