அழுத முகத்துக்குக் கிராக்கி

பல்செட் உள்ளே போகவில்லை. மகள் மூன்றாவது தடவையாக அப்பாவின் தாடையை ஒரு கையால் தாழ்த்தி, மறு கையால் செட்டைச் சாய்த்துத் தள்ளிப் பார்த்தாள். விடியற்காலையில் போன உயிர். இப்போது மணி பத்து. தாடை இறுகிவிட்டது.

"விடு. போறவருக்குப் பல் எதுக்கு?" என்றான் அண்ணன். சொன்ன பிறகு தானே சங்கடப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"பல் இல்லாம அவர் யார் முன்னாடியும் வந்ததில்லைண்ணா."

உண்மைதான். வாசல் மணி அடித்தால் பல்லை மாட்டிக்கொண்டுதான் நாற்காலியை விட்டே எழுந்திருப்பார். முப்பத்தைந்து வருடம் ஸ்டுடியோ நடத்தியவர். அடுத்தவர் தாடையை இறக்கி, தோளை நிமிர்த்தி, காலரைச் சரிசெய்தே பிழைத்தவர். தன் முகத்தில் மட்டும் அசட்டையாக இருந்துவிடுவாரா? மகள் பல்செட்டைக் கைக்குட்டையில் சுற்றி அலமாரியில் வைத்தாள். வாய் உள்வாங்கி, கன்னம் ஒட்டி, யாரோ ஒரு கிழவர் அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு படுத்திருப்பதுபோல இருந்தது.

உடலை முன்னறையில் கிடத்தினார்கள். ஸ்டுடியோ இருந்த காலத்தில் வாடிக்கையாளர்கள் உட்கார்ந்த அறை அது. பதினோரு மணிக்கெல்லாம் தெரு வந்துவிட்டது.

"குழந்தைங்கன்னா மனுஷனுக்கு உயிர்," என்று எதிர்வீட்டு அம்மா மூக்கைச் சிந்தினாள். "என் ரெண்டும் கேமராவைக் கண்டாலே ஊரைக் கூட்டும். அஞ்சே நிமிஷத்துல சிரிக்க வச்சிடுவார்."

மகள் தலையாட்டினாள். சிரிக்க வைப்பார், வாஸ்தவம். அதற்கு முன்னால் அழ விட்டு ஒன்று எடுத்துக்கொள்வார் என்பது எதிர்வீட்டு அம்மாவுக்குத் தெரியாது.

மாதம் ஒருமுறை ஓர் ஏஜென்ட் வருவான். காலண்டர், பிஸ்கட் பாக்கெட், மருந்து டப்பா, எல்லாவற்றுக்கும் குழந்தை முகம் வேண்டும். "சிரிக்கிற படம் எவன்கிட்டயும் கிடைக்குது சார். அழற படம் இருந்தா சொல்லுங்க, அதுக்குத்தான் கிராக்கி" என்றான் ஒருநாள். அப்பா யோசித்தார், ஒரு வழியும் கண்டுபிடித்தார். படம் ஒட்டித் தரும் அட்டையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, குழந்தையின் அம்மாவை முன்னறைக்கு அனுப்பிவிடுவார். பிறகு குழந்தையின் காதருகே குனிந்து, "அம்மா உன்னை விட்டுட்டுப் போயிட்டாங்களே" என்பார். அவ்வளவுதான் வேலை. உதடு பிதுங்கும், கண் நிறையும், ஒரு க்ளிக். மறுநொடியே தூக்கிக் கிச்சுக்கிச்சு மூட்டி, கண்ணைத் துடைத்து, சிரிக்கும்போது இன்னொன்று. சிரித்தது அம்மாவுக்கு, அழுதது ஏஜென்டுக்கு.

முன்னறையில் அந்த அம்மாக்களைப் பிடித்து வைத்தவள் இந்த மகள்தான். அப்போது பதிமூன்று வயது. "அக்கா, இந்த அட்டையைப் பாருங்க, ஓரத்துல பூ போட்டிருக்கு." உள்ளே அழுகை கேட்டால், "லைட்டைப் பார்த்து பயந்திருப்பான், அப்பா பார்த்துப்பார்" என்று சொல்லவும் பழகியிருந்தாள். கெட்டிக்காரி என்று பெயர் வேறு வாங்கினாள்.

பல வருடம் கழித்து, அவளுடைய மகன் மூன்று வயதில் படியிலிருந்து உருண்டு விழுந்து அழுதபோது, அப்பாவின் கை தன்பாட்டில் கேமராவை எடுத்தது. அவள் ஓடிப்போய் நடுவில் நின்றாள். அப்பா கேமராவைக் கீழே வைத்துவிட்டுப் பேப்பரை விரித்தார். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை, அன்றும் சரி, பிறகும் சரி.

இரண்டு மணிக்குத் தையல்காரம்மா வந்தாள்.

இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகும் மகளுக்கு அடையாளம் தெரிந்தது. கழுத்தில் அளவு நாடாவைப் போட்டபடி, கையில் ஒரு மருந்து டப்பாவோடு இதே அறையில் நின்றவள். படுக்கையில் சிறுநீர் கழிக்கும் குழந்தைகளுக்கான மருந்து. டப்பாவில் அவளுடைய ஆறு வயது மகன் அழுதுகொண்டிருந்தான். எல்லா மருந்துக்கடையிலும் இருந்தான். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு 'டப்பா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வாத்தியாரும் ஒருநாள் அப்படியே கூப்பிட்டாராம்.

"அவன் ஒருநாள்கூட படுக்கையை நனைச்சதில்லைங்க. யாரைக் கேட்டுக் கொடுத்தீங்க?" என்றாள் அன்று.

அப்பா ரசீதுப் புத்தகத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். எடுக்கும் படங்கள் அனைத்தும் ஸ்டுடியோவின் சொத்து என்று அச்சடித்திருந்தது. "படிச்சிட்டுத்தானேம்மா வாங்கிட்டுப் போனீங்க?" அவள் டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். சாப்பிடும்போது அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "படம் நல்லா விழுந்திருக்கு, பார்த்தியா? கண்ணீர்கூட தனியா தெரியுது."

இப்போது அவள் கால்மாட்டில் நின்று அந்த முகத்தைப் பார்த்தாள். அழவும் இல்லை, ஏசவும் இல்லை. மகள் நாற்காலி கொண்டுவந்து போட்டாள்.

"அட்டை காட்டினது நீதானே?"

"ஆமாம்மா."

"சின்னப் பொண்ணு. உனக்கென்ன தெரியும் பாவம்."

தெரியும் என்று சொல்ல வாயெடுத்தாள். "உட்காருங்கம்மா" என்றுதான் வந்தது.

தையல்காரம்மா கைப்பையைத் திறந்து போனை எடுத்தாள். மடியில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்றாள்.

"எதுக்கும்மா?"

"பையனுக்கு அனுப்பணும். பதினேழு வயசுல வீட்டை விட்டுப் போனான். அந்த ஆள் செத்தாத்தான் இந்த ஊர்ல காலடி வைப்பேன்னு சொல்லிட்டுப் போனான். பதினாலு வருஷமாச்சு." மூச்சு வாங்கினாள். "நாலு வருஷம் முன்னாடி எனக்கு ஆபரேஷன். அவனைப் பார்க்கணும்போல இருந்துச்சு. உங்கப்பா செத்துட்டார்னு பொய் சொல்லிட்டேன். கிளம்பி வந்தான். பஸ்ஸை விட்டு இறங்கி இந்த வழியாத்தான் நடந்திருக்கான். உங்கப்பா வாசல்ல நின்னு பேப்பர் படிச்சிட்டிருந்தாராம். வீட்டுக்குக்கூட வரலை, அடுத்த பஸ்ல திரும்பிட்டான். இப்ப நிஜத்தைச் சொன்னா நம்பமாட்டேங்கறான். காலையிலேருந்து மூணு தடவை போன் பண்ணிட்டேன். 'படம் அனுப்பு, பார்த்துட்டு வரேன்'ங்கறான்."

"சர்டிபிகேட் வந்ததும் காப்பி தரேன்மா."

"அச்சடிச்சதை அவன் நம்பமாட்டான்."

"நான் வேணா உங்க பையன்கிட்ட பேசட்டுமா?"

"நீ அவர் பொண்ணு."

அண்ணன் காதில் விழுந்துவிட்டது. "என்னம்மா இது, சாவு வீட்ல வந்து வியாபாரம் பேசற மாதிரி!"

தையல்காரம்மா அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. "ஒண்ணே ஒண்ணு போதும். அவன் பார்த்ததும் அழிச்சிடச் சொல்றேன். உன்னைத்தான் கேட்கறேன்."

மகள் அப்பாவைப் பார்த்தாள். எடுத்துக்கோங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒரு பிள்ளை வீடு திரும்புவான். போனவருக்கு அதில் குறைந்துபோக என்ன இருக்கிறது? எல்லாம் புரிந்தது. ஆனால் அந்தப் பொக்கை வாய், அந்த ஒட்டிய கன்னம், எங்கோ ஓர் ஊரில் ஒருவன் கையில் வெளிச்சமாகத் தெரியும். அவன் பெரிதாக்கிப் பார்ப்பான். சிரித்தாலும் சிரிப்பான். பக்கத்தில் இருப்பவனிடம் நீட்டுவான்.

"வேணாம்மா," என்றாள். "இந்த மாதிரி இருக்கறப்போ வேணாம்."

சொன்ன குரல் அவளுக்கே அருவருப்பாக இருந்தது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். அந்த டப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பாள், கேட்டால் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தாள்.

தையல்காரம்மா கேட்கவில்லை. "சரி. நீ வேணாம்னா வேணாம்," என்று போனைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வெளியே போனாள்.

நான்கு மணிக்கு வண்டி வந்தது. தூக்கப் போகும் நேரத்தில், வெளிநாட்டில் இருக்கும் மாமா போனில் வந்தார். அண்ணன் போனை உயர்த்திப் பிடித்தான். "மாமா, தெரியுதா? இருங்க, கிட்டக்க காட்டறேன்." அப்பாவின் முகத்துக்கு ஒரு சாண் மேலே போனைக் கொண்டுபோய் நிறுத்தினான். எதிர்வீட்டு அம்மாவின் மூத்தவன் தலைமாட்டிலிருந்து வீடியோ எடுத்தான். "பல்செட்டையாவது போட்டு விட்டிருக்கலாம்," என்றார் மாமா, எல்லாருக்கும் கேட்கும்படி.

யாரும் மகளைக் கேட்கவில்லை. கேட்டவள் ஒருத்தி, வேண்டாம் என்ற பதிலும் அவளுக்கு மட்டும்தான்.

நான்கு பேர் தூக்கினார்கள். மகள் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். தெரு முழுக்கப் போன் பிடித்த கைகள் உயர்ந்திருந்தன. வண்டிக்கும் சுவருக்கும் நடுவே தையல்காரம்மா நின்றிருந்தாள். இரண்டு கைகளும் மூடிய பைமேல் இருந்தன. அப்பாவின் முகத்தை நேருக்கு நேர் பார்க்கும் தூரம்தான்.

"கொஞ்சம் தள்ளிக்கங்கம்மா, மறைக்குது," என்றான் பின்னாலிருந்து ஒருவன், போனை ஆட்டி.

அவள் திரும்பிப் பார்த்துவிட்டுச் சுவரோரமாகத் தள்ளி நின்றுகொண்டாள்.