வெள்ளாட்டுப் பாட்டு

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு கல்யாணம் நிச்சயமானால் பந்தல்காரனுக்குச் சொல்வதற்கு முன்பே தில்லையம்மாளுக்குச் சொல்லிவிடுவார்கள். நலங்கில் ஏசல் பாட அவளை விட்டால் ஆள் கிடையாது. மற்றவர்களும் பாடுவார்கள், ஆனால் அது எல்லாக் கல்யாணத்துக்கும் பாடுகிற அதே பழைய பாட்டு. தில்லையம்மாள் கூடத்தில் உட்கார்ந்திருக்கிற முகங்களைப் பார்த்து அங்கேயே கட்டுவாள். சம்பந்தியம்மாள் பந்தியில் மூன்று தடவை வடை கேட்டு வாங்கியது, மாப்பிள்ளையின் மாமன் செருப்பைத் தொலைத்துவிட்டு எல்லோர் காலையும் பார்த்துக்கொண்டு திரிந்தது, எல்லாம் அரை மணியில் பாட்டாகிவிடும். ஏசப்பட்டவர்களே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். பாகத் தகராறில் ஆறு வருஷம் முகம் கொடுத்துப் பேசாத இரண்டு ஓரகத்திகளை அவள் ஒரே வரியில் சேர்த்துக் கட்டிப் பாடியதும், அவர்கள் சிரித்த சிரிப்பில் பகை போயிற்று. அதைத் தெருவில் வெகு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் அவள் வேலை, கணவர் திருஞானசம்பந்தத்தின் தறிக்கு நூலைத் தாராகச் சுற்றிக் கொடுப்பது. ராட்டினம் சுற்றும்போது வாய் எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். கல்யாணமாகிப் பதினாறு வருஷமாகியும் பிள்ளை இல்லை. "ஒனக்கு எல்லாம் வாயிலயே பொறந்துடுது" என்று அவர் ஒருநாள் தறியில் உட்கார்ந்தபடியே சொன்னார். தில்லையம்மாள் அன்று சாப்பிடவில்லை. ஆனால் மறுநாள் ஒரு நலங்கு இருந்தது. போய்ப் பாடிவிட்டு வந்தாள்.

அறுபத்தெட்டாம் வருஷம் வைகாசியில் பக்கத்து வீட்டு வேணுகோபாலுக்குக் கல்யாணம். பெண்ணுக்கு ஊர், பெரிய ஏரிக்கரையில் இருக்கிற தென்னேரி. பெயர் கிருஷ்ணவேணி, பதினெட்டு வயது. தாலி கட்டி முடிகிற வரைக்கும் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. மருமகள் அடக்கமானவள் என்று மாமியார் காமாட்சியம்மாள் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள்.

சாயங்காலம் நலங்கு. தேங்காய் உருட்டி, அப்பளம் உடைத்து முடிந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"புருஷன் பேரைச் சொல்லு. சொன்னாத்தான் எழுந்திருக்க விடுவோம்."

பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வெக்கமா? ஒரே ஒரு தடவைமா, சொல்லிடு."

கிருஷ்ணவேணி மூச்சை இழுத்துப் பிடித்தாள். "வே... வே... வே..." என்றாள். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு மறுபடி, "வே... வே..." என்றாள். பெயர் வரவில்லை. பெண் வீட்டார் முகங்கள் சுண்டிப் போயின. காமாட்சியம்மாள் சம்பந்தியைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கூடமே அடங்கிப்போனது.

இப்படிப்பட்ட நேரத்துக்குத்தான் தில்லையம்மாள். அவள் கையைத் தட்டிப் பாட்டை எடுத்தாள்.

"வேவே வேவே வெள்ளாடு
தென்னேரிக் கரை வெள்ளாடு
தாலி கட்டின மாமன் பேரைத்
தழையாய் மென்ன வெள்ளாடு"

கூடம் வெடித்துச் சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தான். காமாட்சியம்மாளும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். கிருஷ்ணவேணியும் சிரித்தாள். அவள் கண்ணில் நீர் வந்ததைச் சிரிப்பால் வந்தது என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நின்றுபோக இருந்த சந்தோஷத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று தில்லையம்மாள் நிறைவோடு வீடு திரும்பினாள்.

மற்றப் பாட்டுகள் கல்யாணத்தோடு போய்விடும். இது போகவில்லை. தறியை மிதிக்கிற கதிக்கு அது அப்படியே பொருந்தியது. காலையில் ஒரு வீட்டுத் தறியில் தொடங்கினால் உச்சிவேளைக்குள் தெருக்கோடி வரை போய்விடும். குழாயடியில் குழந்தைகள் பாடினார்கள். ஒருநாள் கடைத்தெருவில், சின்ன காஞ்சிபுரத்துக்காரி ஒருத்தி, முன்பின் தெரியாதவள், கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே அதை முனகினாள். தில்லையம்மாளுக்கு உடம்பு சிலிர்த்தது. வீட்டுக்கு ஓடி வந்து கணவரிடம் சொன்னாள்.

"சின்ன காஞ்சிபுரம் வரிக்கும் போயிருக்குதுங்க."

"பக்கத்து வூட்டுக்கும்தான் போயிருக்குது" என்றார் அவர்.

போயிருந்தது. டீக்கடையில் வேணுகோபாலைக் கண்டால் யாராவது ஒருத்தன் 'மே' என்று கத்தினான். அவன் முதலில் கூடச் சேர்ந்து சிரித்தான். பிறகு டீக்கடைக்குப் போவதை விட்டான். பிறகு வீட்டில் கையை ஓங்க ஆரம்பித்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். "வாயத் தொறந்தியா, பல்லைப் பேத்துடுவேன்" என்று அவன் கத்துவதும், அடி விழுவதும் ராட்டினத்தின் முன் உட்கார்ந்திருப்பவளுக்குத் தெளிவாகக் கேட்கும். காமாட்சியம்மாள் மருமகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "வெள்ளாடு, தண்ணி கொண்டா" என்பாள்.

ஆடி மாதம் ஒரு மத்தியானம் கிருஷ்ணவேணி பின்பக்க வாசல் வழியாக வந்து நின்றாள். உதட்டில் காயம் கறுத்திருந்தது.

"அ... அக்கா. அந்தப் பா... பாட்டை நி... நிறுத்தச் சொல்லுங்க."

"நான் எங்கமா இப்பப் பாடுறேன்? ஊரு பாடுது."

"நீ... நீங்க சொன்னா கே... கேப்பாங்க."

"நாலு நாளைக்குப் பாடுவாங்க, அப்பறம் வேற பாட்டு வந்துடும். இதுக்குப் போயி மனசை விட்டுக்கினு..." தில்லையம்மாள் அவள் கையில் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்து அனுப்பினாள். நிறுத்தச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அவள் வாயில் பிறந்ததெல்லாம் அன்றைக்கே செத்துப்போக, இது ஒன்றுதான் காலூன்றி நடந்திருந்தது.

ஆனாலும் உதட்டுக் காயம் கண்ணை விட்டுப் போகவில்லை. மறு வருஷம் கிருஷ்ணவேணிக்கு வளைகாப்பு வைத்தபோது, ஒரு வாரம் உட்கார்ந்து புதிதாக ஒரு பாட்டுக் கட்டினாள். பெண்ணின் நிறம், பொறுமை, தென்னேரி அலை, வயிற்றுப் பிள்ளை, எல்லாம் அதில் இருந்தது. பாடினாள். யாரும் கை தட்டவில்லை.

"இன்னாமா இது, கோயில்ல பாடுறாப்புல இருக்குது? நம்ம பாட்டைப் பாடு" என்றாள் ஒருத்தி.

"வேண்டாம். புள்ளத்தாச்சி."

"நீ பாடலன்னா நாங்க பாடுறோம்."

அவர்களே தொடங்கினார்கள். இழுத்து இழுத்துப் பாடினார்கள். மூன்றாவது வரியில் தாளம் ஒரு தட்டு தவறியது. மறுபடியும் அதே இடத்தில் தவறியது. தில்லையம்மாளுக்குப் பல் கூசியது போலிருந்தது. மூன்றாம் முறை தவறப்போன நேரத்தில் அவள் கை தானாக எழுந்து தட்டிவிட்டது. குரலும் சேர்ந்துகொண்டது. பாட்டு சரியான இடத்தில் விழுந்தது. பெண்கள் ஓவென்று கத்தினார்கள்.

கிருஷ்ணவேணி அவளையே பார்த்தாள். இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல். எதையோ சொல்ல எழுந்து, "நீ... நீ... நீ..." என்றாள். அந்த 'நீ'யையும் அவர்கள் பாட்டில் சேர்த்துக்கொண்டார்கள்.

பெண் குழந்தை பிறந்தது. தேவகி என்று பெயர் வைத்தார்கள். தென்னேரியிலிருந்து திரும்பி வந்த கிருஷ்ணவேணி யாரோடும் பேசுவதில்லை. கடையில் விரலை நீட்டிக் காட்டுவாள். தெருவுக்குப் புதிதாக வந்தவர்கள் அவளைப் பிறவி ஊமை என்று நினைத்தார்கள். அப்படி இல்லை என்று யாரும் திருத்தவும் இல்லை.

ஒருநாள் மத்தியானம் திருஞானசம்பந்தம் ஏதோ வேலையாக நெசவாளர் சங்கத்துக்குப் போயிருந்தார். தறி நின்றிருந்ததால் வீடு அமைதியாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பாடினார்கள்.

"தென்னேரித் தண்ணியெல்லாம் தெக்கால போனாலும்
உன்னேரி நானிருக்கேன் ஒறங்கம்மா ராசாத்தி"

தில்லையம்மாள் கையில் இருந்த தாரை வைத்துவிட்டாள். கிருஷ்ணவேணியின் குரல்தான். ஓரிடத்திலும் திக்கவில்லை. சொல் தடுக்கி விழுகிற வாய், பாடும்போது மடை திறந்தாற்போல் ஓடியது. பாட்டு அவளே கட்டியது. வேறு எங்கும் கேட்டதில்லை. 'உன்னேரி' என்ற சொல்லைத் தில்லையம்மாள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். தனக்கு இது வந்திருக்காது என்று அவளுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து தினமும் அந்த நேரத்துக்குச் சுவரோரம் போய் உட்கார்ந்தாள். சில நாள் குழம்பின் மணம், சில நாள் மழை, ஒருநாள் முற்றத்தில் செத்துக் கிடந்த ஓணான், எல்லாம் தாலாட்டில் வந்தது. அவளால் பேச முடியாததை எல்லாம் அந்தக் குழந்தை ஒன்றுதான் கேட்டுக்கொண்டிருந்தது. இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று தில்லையம்மாள் வாயைக் கட்டிக்கொண்டாள். கணவரிடமும் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் அப்படிப் போயிற்று. தேவகி நன்றாகப் பேச ஆரம்பித்தாள். காமாட்சியம்மாள் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டைச் சொல்லிக் கொடுத்தாள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்க அவளுக்கு வேறு பாட்டுத் தெரியாது.

அன்று மத்தியானம் அந்தப் பக்கம் தாலாட்டு தொடங்கியது. ஒரு வரி முடிவதற்குள் குழந்தை கை தட்டிக் குறுக்கே பாடியது. "வேவே வேவே வெள்ளாடு..." மழலை; ஆனால் தாளம் தப்பவில்லை. முழுதும் பாடி முடித்துவிட்டு, "நீ பாடும்மா" என்றது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. மறுநாளும் இல்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டுத் தில்லையம்மாள் பின்வாசல் வழியாகப் போனாள்.

"பாடு கண்ணு. நான் தெனம் கேட்டுக்கினுதான் இருந்தேன். அது மாதிரி எனக்கு வராது. விட்டுடாதே."

சுவருக்கு இந்தப் பக்கம் ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்தது கிருஷ்ணவேணிக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் முகம் வெளுத்தது. சுவரைப் பார்த்தாள், தில்லையம்மாளைப் பார்த்தாள். கதவைச் சாத்தினாள். அதன் பிறகு அந்த வீட்டில் தாலாட்டு எழவில்லை.

எழுபத்துமூன்று ஆடியில் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். கூழுக்குக் காத்திருந்த சிறுமிகள் எதிரெதிராக உட்கார்ந்து கை தட்டி விளையாடினார்கள். பாடியது அந்தப் பாட்டுதான். கிருஷ்ணவேணி சொம்போடு வரிசையில் நின்றிருந்தாள். தில்லையம்மாள் பாய்ந்து போய் ஒரு சிறுமியின் கையைப் பிடித்தாள். அவள் தெருக்கோடி வீட்டு வரதராஜனின் மகள் தையல்நாயகி.

"நிறுத்துங்கடி! இனிமே யாரும் இதைப் பாடக்கூடாது."

"இன்னாத்துக்கு? அது ஆதிகாலத்துப் பாட்டு. எங்க ஆயாவே பாடுது."

"நான் கட்டினதுடி அது!"

சிறுமிகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். "பாட்டையெல்லாம் யாராச்சும் கட்டுவாங்களா?" என்றாள் தையல்நாயகி.

வரிசையில் நின்ற பெண்களும் சிரித்தார்கள். அவர்களில் பலர் அந்த நலங்கில் இருந்தவர்கள். "வுடு தில்லை, கொழந்தைங்க வெளையாடுது. ஒனக்குத்தான் புள்ள குட்டி இல்ல, அதுங்களையாவது சிரிக்க வுடு" என்றாள் ஒருத்தி.

தில்லையம்மாள் பிடித்த கையை விடவில்லை. அப்போது கிருஷ்ணவேணி வரிசையை விட்டு வந்தாள். சிறுமியின் கையிலிருந்து தில்லையம்மாளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.

"வி... விடுங்கக்கா" என்றாள். நாலு வருஷத்தில் தெரு கேட்ட அவளுடைய முதல் பேச்சு அது. "பா... பாட்டு ந... ந... நல்லாத்தான் இருக்குது."

சிறுமிகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தேவகியும் அவர்களோடு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். கிருஷ்ணவேணி கூழை வாங்கிக்கொண்டு, மகளைக் கூப்பிடாமல், வீட்டுப் பக்கம் நடந்தாள்.

ஆவணியில் ஒரு நலங்குக்குப் பாட வரச் சொல்லிக் கேட்டு வந்தார்கள். தில்லையம்மாள் வரமுடியாது என்றாள். மறுபடியும் கேட்டார்கள். ராட்டினத்தை விட்டு அவள் தலையைத் தூக்கவில்லை.

"ரொம்பத்தான் பிகு பண்ணிக்கினு இருக்குது" என்று சொல்லிக்கொண்டே அவர்கள் படியிறங்கிப் போனார்கள். அந்த நலங்கு நன்றாகவே நடந்தது.