காற்றடித்து நிமிர்த்திய வண்டி

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை ஒளிக்க விருப்பமில்லை. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், சால்மன் ஊரில், என் அடுத்த வீட்டுக்காரன் ராய்ஸ் தன் பிக்கப் வண்டியின் முதுகில் ஒரு கேம்பரை, அதாவது படுக்கையும் அடுப்பும் வைத்த குட்டி வீட்டை, ஏற்றிக்கொண்டு மலைக் கணவாய்க்குக் கிளம்பினான். பக்கத்து இருக்கை அவன் மனைவி வெர்னாவுக்கு. அந்தப் பாரம் அந்த வண்டிக்கு ஆகாது. எனக்குத் தெரியும். இருபது வருஷம் டயர் கடையில் வேலை பார்த்தவன் நான்.

முதல் வரியாக "அன்று வானம் தெளிவாக இருந்தது" என்று எழுதி அடித்துவிட்டேன். வானம் எக்கேடு கெட்டால் என்ன?

2

வண்டிக் கதவின் உட்புற ஸ்டிக்கர் சொல்கிறது: ஆளும் சாமானும் சேர்த்து 3,400 பவுண்டு, அதற்கு மேல் கூடாது. கேம்பரின் விளம்பரத் தாளில் 3,100. (அது காலி எடை. தண்ணீர், பேட்டரி, கேஸ் சிலிண்டர், இரும்புச் சட்டிகள், ராய்ஸின் தொப்பை எதுவும் அதில் இல்லை. எல்லாம் சேர்த்தால் 4,300-க்குக் குறையாது.)

ஏற்றியதும் பின்பக்கம் அமுங்கியது. ராய்ஸ் ஸ்பிரிங் பக்கத்தில் காற்றுப்பை மாட்டிக் காற்றடித்தான். வண்டி நிமிர்ந்தது.

"பாத்தியா, நேரா நிக்குது. அப்புறம் என்னய்யா?"

எங்கள் ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் நம்புகிறார்கள். காற்றுப்பை வண்டியை நிமிர்த்தும். பிரேக்கையோ அச்சையோ டயரையோ அது பலப்படுத்தாது.

3

ராய்ஸ் ஒரு முரட்டு முட்டா—

இல்லை. பனிக்காலத்தில் என் வீட்டுக் குழாய் வெடித்தபோது சேற்றில் படுத்துச் சரிசெய்தவன் அவன். அதனால்தான் எனக்கு இவ்வளவு எரிச்சல்.

"சரளைக் குவாரியில எடைமேடை இருக்கு. அஞ்சு நிமிஷ வேலை, போட்டுட்டுப் போலாம்" என்றாள் வெர்னா.

"நாப்பது வருஷமா ஓட்டுறேன். வேணும்னா உன்ன எடை போடட்டுமா?"

"போடு. என்னையும் சேத்துத்தானே அது சுமக்கப் போகுது?"

4

கேம்பரின் பக்கவாட்டில் எடையின் மையத்தைக் காட்டும் அம்புக்குறி உண்டு. அது பின்சக்கர அச்சுக்கு முன்னால் இருக்க வேண்டும். ராய்ஸின் வண்டியில் ஒரு சாண் பின்னால் இருந்தது. மலை வளைவுகளில் முன்சக்கரம் ரோட்டைச் சரியாகப் பிடிக்காது. ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. அதைப் பார்த்துக்கொண்டே கேம்பரை வண்டியோடு கட்டும் சங்கிலியை இறுக்கிக் கொடுத்தது யார்? நான்தான்.

எங்கள் ஊரில் ஒருவனுடைய சம்சாரத்தைக்கூடக் கேலி பண்ணலாம், வண்டியைக் குறை சொல்லக் கூடாது. அது மரியாதையாம். மண்ணாங்கட்டி மரியாதை!

5

முடிவு ஒன்று: இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய், மூன்றாவது வளைவில்— எழுத மாட்டேன். ராய்ஸுக்குப் பாடம் நடத்த வெர்னாவைக் கொல்ல எனக்கு என்ன உரிமை?

முடிவு இரண்டு: பத்திரமாகப் போய்ச் சேர்ந்து, "பாத்தியா" என்று போன் பண்ணுகிறான். அதைக் கேட்டு இன்னும் நாலு பேர் காற்றுப்பை வாங்குகிறார்கள். இது அதைவிட மோசம்.

எனவே நடந்ததை மட்டும் சொல்கிறேன். ஏறப்போன வெர்னா என் பக்கம் திரும்பினாள்.

"நீ டயர் கடையில இருந்தவன். நீ சொல்லு. நான் ஏறட்டுமா?"

ராய்ஸ் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"ராய்ஸுக்குத் தெரியாததா?" என்றேன்.

அவள் படியில் ஒரு காலை வைத்தாள். கதையை அங்கேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். கணக்கெல்லாம் உங்களுக்குத் தெரியும். ராய்ஸ் உங்கள் அடுத்த வீட்டுக்காரன் இல்லை. அவள் இன்னும் நேரான பதிலுக்காக நிற்கிறாள். வாயைத் திறந்து சொல்லுங்கள்.