ஓவியா என்ற யூசரை நீக்கலாமா?

ஓவியாவுக்கு பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். கம்பெனி போட்டது ஒரே நிபந்தனை: வெளியில் வேறு எந்த மென்பொருளுக்கும் அவள் பொறுப்பாளராக இருக்கக் கூடாது, இருந்தால் யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு வர வேண்டும். நியாயமான நிபந்தனைதான். ஒப்படைக்க விட்டால்தானே.

அவள் கையில் இருந்தது 'பந்தல்'. கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் மென்பொருள். அச்சகங்களில் இருந்த பழைய கம்ப்யூட்டர்கள் புது விண்டோசைத் தாங்காது என்று ஆனபோது, அவற்றில் லினக்ஸ் போட்டு, அதில் ஓடும்படி இதை எழுதினாள். இரண்டு தட்டு தட்டினால் தானே ஏறிக்கொள்ளும் இன்ஸ்டாலரும் செய்து, மாவட்டம் முழுக்க இலவசமாகக் கொடுத்தாள். இலவசமாகக் கொடுத்தவளை ஊர் கும்பிடுமா என்ன? கூப்பிடும். லினக்ஸில் புதுப் பதிப்பு வந்தால் கூப்பிடும். எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிந்தால் கூப்பிடும். பிரிண்டரில் அட்டை சிக்கினாலும் அவளைத்தான் கூப்பிடும். சித்திரை பிறந்தால் பத்திரிகையில் வருஷத்தின் பெயர் மாற வேண்டுமே, அதற்கும் அவள்தான் புது இன்ஸ்டாலர் கட்டி அனுப்ப வேண்டும். வேங்கிக்காலில் இருக்கும் தன் வீட்டில் அவள் லேப்டாப்பை ஓரமாக வைத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டதே இல்லை.

கூடப் படித்த வல்லரசு, கீழ்பென்னாத்தூரில் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன், தான் எடுத்துக்கொள்கிறேன் என்று முன்வந்தான். உள்ளே திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"எல்லாக் கடையிலயும் ஓவியானு ஒரு யூசர் கீது. இன்னா இது?"

அது ஒரு கூத்து. முதல் இன்ஸ்டாலரைத் தன் லேப்டாப்பில் கட்டியபோது, கோப்புகள் எல்லாம் அதில் தன் பெயரில் இருந்த 'ஓவியா' ஃபோல்டரில்தான் இருக்கும் என்று எழுதிவிட்டாள். சின்னக்கடைத் தெரு ஜோதியம்மாள் அச்சகத்தில் ஏற்றினால் ஓடவில்லை. தை மாத முகூர்த்த நெருக்கடி. வாசலில் பெண் வீட்டார் நிற்கிறார்கள். சட்டென்று அந்த மெஷினில் 'ஓவியா' என்று ஒரு யூசரை உண்டாக்கினாள், அதே பெயரில் ஃபோல்டரும் வந்தது, ஓடிவிட்டது. அப்புறம் சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டாள். ஆனால் அச்சகக்காரர்கள் அதைப் பிள்ளையார் சுழி மாதிரி எடுத்துக்கொண்டார்கள். "மொதல்ல ஓவியானு ஒரு யூசர் போட்டுக்க, அப்புறம் இன்ஸ்டால் பண்ணு" என்று ஒருவருக்கொருவர் போனிலேயே சொல்லிக்கொடுத்து, செங்கம், போளூர், சேத்துப்பட்டு என்று எல்லாக் கடையிலும் ஓவியா உட்கார்ந்துவிட்டாள். ஊரார் பத்திரிகை அத்தனையும் அவள் பெயருக்குள்தான் இருந்தன.

"வீடும் உன் பேர்ல, சாவியும் உன்கிட்ட. நாளைக்கு எதுனா ஆச்சுன்னா உன்னத்தான் புடிப்பாங்க" என்றான் வல்லரசு. "எல்லாத்தையும் அந்தந்தக் கடைக்காரங்க பேருக்கு மாத்திட்டுக் குடு, எடுத்துக்கிறேன்."

கேட்காமல் மாற்றிவிடலாம்தான். ஆனால் மாற்றும்போது பாதியில் கரண்ட் போனால் ஒரு கடையின் பத்திரிகை முழுக்கப் போய்விடும். அதனால் கடைக்காரர்களே கரண்ட் பார்த்து அழுத்தட்டும் என்று கடைசி அப்டேட்டில் ஒரு கேள்வி வைத்தாள். 'ஓவியா என்ற யூசரை நீக்கிவிட்டு, கோப்புகளை உங்கள் பெயருக்கு மாற்றலாமா? இனி வல்லரசு பார்த்துக்கொள்வார்.' கீழே இரண்டு பொத்தான்: ஆமாம், வேண்டாம். யார் எதை அழுத்தினார்கள் என்று அவள் லேப்டாப்புக்குத் தகவல் வரும்.

வந்தது. எல்லாக் கடையிலிருந்தும் 'வேண்டாம்'.

ஓவியா தலையில் அடித்துக்கொண்டாள். செங்கத்து அச்சகக்காரர் சுப்பிரமணி ஒருமுறை ஏதோ கேள்விக்கு ஆமாம் போட்டு மெஷினையே படுக்கவைத்துவிட்டார். அன்றிலிருந்து "எது கேட்டாலும் வேண்டாம்னு அழுத்துங்க" என்று எல்லாருக்கும் பாடம் எடுத்தவள் இவள்தான். அவருக்கே போன் போட்டாள்.

"இந்த ஒரு தடவ மட்டும் ஆமாம் போடுங்க சார்."

"போன்ல யாரு எத அழுத்தச் சொன்னாலும் அழுத்தாதீங்கனு நீதானம்மா சொன்ன" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

பழக்கதோஷம், நேரில் போய் அழுத்திக் காட்டினால் சரியாகிவிடும் என்று ஓவியா நினைத்தாள். மனுஷர்கள் தமக்கு வசதியானதைத்தானே நம்புவார்கள். முதலில் ஜோதியம்மாள். அன்று பௌர்ணமி, வண்டியை ஊருக்குள் விடவில்லை. கிரிவலக் கூட்டத்துக்கு எதிரே இடிபட்டு நடந்தே போனாள்.

ஜோதியம்மாள் பத்திரிகைகளின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். திரையில் அந்தக் கேள்வி மறுபடியும் வந்து நின்றது. ஓவியா மவுசைப் பிடித்ததும் மஞ்சள் கை அவள் கையை மூடியது.

"இன்னா கண்ணு பண்ற?"

"ஆமாம் போடறேன் ஜோதிம்மா. நீங்க படிக்காம வேண்டாம்னு போட்டுட்டீங்க."

"நானா படிக்கல?" ஜோதியம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு எழுத்து தப்பாப் போனா கல்யாண வீட்ல சண்டை வந்துடும். எழுத்துக் கூட்டிப் படிச்சுப் பாக்கறதுதான் என் பொழப்பு. ரெண்டு தடவ படிச்சேன். எங்க அச்சகக்காரங்க குரூப்புல போட்டு எல்லாரும் பேசித்தான் வேண்டாம்னு போட்டோம். அந்த வல்லரசு யாரு எவருனு எங்களுக்குத் தெரியாது. உன்ன எடுத்துட்டா அப்புறம் உன்னக் கூப்பிட முடியுமா?"

"முடியாது. எனக்கு வேலை கெடைச்சிருக்கு. திங்கட்கிழமைக்குள்ள இத விடலன்னா அது போயிடும்."

"பெங்களூர்ல உன்ன மாதிரி ஆயிரம் பேர் இருப்பாங்க. இங்க எங்களுக்கு நீ ஒருத்திதானே."

அதைப் பாசமாகத்தான் சொன்னாள். அதுதான் கொடுமை. திட்டியிருந்தால் ஓவியா மவுசைப் பிடுங்கியிருப்பாள். பெஞ்சில் பத்திரிகை அடிக்க வந்திருந்த ஒரு கல்யாணப் பெண்ணின் அப்பா, மாதிரிப் பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஓவியாவுக்கு வெளியே ஓடிவிடலாம் போலிருந்தது. வெளியே தெரு நிறையக் கூட்டம்.

அவள் விரலோடு சேர்த்து ஜோதியம்மாள் 'வேண்டாம்' அழுத்தினாள். டீ சொன்னாள்.

"அடுத்த அப்டேட்ல அந்தக் கேள்விய எடுத்துடு கண்ணு. டெய்லி காலைல வந்து நிக்குது, ரொம்பத் தொல்லையாக் கீது."

பெண்ணின் அப்பா நிமிர்ந்து பார்த்தார். ஓவியா விரலில் ஒட்டிய மஞ்சளைத் துப்பட்டாவில் துடைத்தாள்.

"எடுத்துடறேன் ஜோதிம்மா" என்றாள்.